மடக்கு

18 ஆண்டுகளாக மாணவிகளுக்கு மடக்கு அணி நடத்துகிறேன். வந்த எழுத்துக்கூட்டமே மறுபடி வர வேண்டும், வரும்போது வேறு பொருள் தர வேண்டும். தண்டியலங்காரத்தில் சொல்லணியியல். அதே சொல் அதே பொருளில் திரும்பினால் அது சொற்பொருள் பின்வருநிலை. மாணவிகள் இரண்டையும் குழப்புவார்கள். நான் திருத்துவேன். அடுத்த ஆண்டு வருகிறவர்களும் குழப்புவார்கள்.

மகள் பிளஸ் ஒன் படித்தபோது அவளுடைய கணினிப் பாடநூலில் அதே சொல்லைப் பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்ட் பாடம். லூப் என்பதைத் தமிழில் மடக்கு என்று போட்டிருந்தார்கள்.

"என் பாடம் உன் புஸ்தகத்துல என்னடி பண்ணுது?"

"இது என் பாடம்மா."

அப்போது எங்கள் துறையில் தேசியக் கருத்தரங்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. துறையில் ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். அமர்வுத் தலைமை, வாழ்த்துரை, விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது எல்லாம் ஐவருக்குள் பிரிந்துபோகும். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் சான்றிதழும் எங்களுக்கு. நான் சேர்ந்த புதிதில், "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு மேடம்" என்றார்கள். சான்றிதழ்கள் என்னிடம் வந்தன. பிறகு கணினி வந்தது, கையெழுத்துக்கு வேலையில்லை. சான்றிதழ் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு பெயரை எடுத்து ஒட்டு, சேமி, அடுத்த பெயர். அந்த வருடம் 186 பெயர்கள்.

இரவு பதினொரு மணிக்கு நான் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த மகள், "லூப் போட்டா ஒரு நிமிஷம்மா" என்றாள். நோட்பேடில் நாலைந்து வரிகள் எழுதி, பிரவுசரில் திறந்தால் போதுமாம். ஃபார் மடக்கை அவள் சொன்னபடியே சொல்கிறேன். ஐ என்று ஒரு மாறி. எந்த எண்ணில் தொடங்கும், எதுவரை ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கூடும் என்று மூன்று செய்திகளை அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். அதன்பின் நெளிவு அடைப்புக்குள் வேலையை ஒரே ஒருமுறை எழுதினால் போதும். வரி அதேதான், ஐ மட்டும் மாறும். ஐ மாறுவதால் பட்டியலிலிருந்து வரும் பெயரும் மாறும். தண்டி ஆசிரியர் பார்த்திருந்தால் சம்மதித்திருப்பார் என்றே தோன்றியது. கூட்டுகிற அந்தப் பகுதியை விட்டுவிட்டால் ஐ தொடங்கிய இடத்திலேயே நிற்கும், எல்லையைத் தொடாது, மடக்கு முடியவே முடியாது.

எத்தனை முறை என்று முன்கூட்டியே தெரியாத வேலைக்கு வொய்ல் மடக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நிபந்தனையைப் பார்க்கும், அது உண்மையாக இருக்கும்வரை செய்துகொண்டே இருக்கும். மகள் ஏதோ விளையாட்டுக் கணக்கை உதாரணம் சொன்னாள். எனக்கு எங்கள் ஊர் வீட்டின் சிமெண்ட் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. தொட்டி நிறையாதவரை அம்மா தெருக்குழாயிலிருந்து குடம் சுமக்க வேண்டும். ஒன்பது பேர் வீடு. தாத்தா குளிப்பார், சித்தப்பாக்கள் வயலிலிருந்து வந்து கால் கழுவுவார்கள், நாங்கள் மொண்டு விளையாடுவோம். அம்மா ஒவ்வொரு குடத்துக்கும் தொட்டியை எட்டிப் பார்ப்பாள். நிறைந்திருக்காது. தண்ணீர் நின்றுபோனால்தான் அவளும் நிற்பாள். மொண்டவர்களில் நானும் ஒருத்தி.

சான்றிதழ் நிஜமாகவே நிமிடத்தில் முடிந்தது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 186. நிறைவு விழாவில் எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஒரு மாணவி மட்டும் மேடை ஓரத்தில் நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்தவள், எல்லோருக்கும் முன்னால் பதிவு செய்தவள். அவளுக்குச் சான்றிதழ் இல்லை. என் கையில் ஒன்று மீதமிருந்தது. தமிழ் வாசகத்தின் நடுவே, பெயர் வர வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் 'அன்டிஃபைன்ட்'.

"யாரு மேடம் இந்த அன்டிஃபைன்ட்?" என்று துறைத்தலைவர் மைக்கிலேயே கேட்டார். அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

தவறு என்னுடையது. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலின் முதல் இடம் பூஜ்ஜியம், 186 பேரில் கடைசி ஆளின் இடம் 185. மகள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. அவள் தூங்கியபின் ஒன்றிலிருந்து 186 வரை என்று மாற்றினேன். முதல் பெயர் விழுந்துவிட்டது, 186ஆம் இடத்தில் ஆளே இல்லை. மொத்தம் மட்டும் பிசகவில்லை, அதனால் நானும் சந்தேகப்படவில்லை. வெற்றுச் சான்றிதழில் அவள் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தேன். மீந்ததைக் கிழிக்க மனம் வரவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பெயர் விழுவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. சார்லஸ் பாபேஜின் பகுப்பாய்வு இயந்திரம் பற்றி மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை 1843இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் ஏடா லவ்லேஸ். அவர் சேர்த்த குறிப்புகள் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெர்னூலி எண்களை இயந்திரம் கணக்கிடும் முறையை அட்டவணையாகப் போட்டு, எந்தச் செயல்கள் கூட்டமாகத் திரும்ப வர வேண்டும் என்றும் காட்டினார். அந்தச் சுழற்சிக்கு 'சைக்கிள்' என்று பெயர், சுழற்சிக்குள் சுழற்சியும் உண்டு. முழுதாகக் கட்டப்படாத இயந்திரத்துக்கு மடக்கு எழுதியபோது வயது 27, மூன்று குழந்தைகள். குறிப்புகளின் அடியில் ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள்தான். அவர் பிரபு வீட்டுப் பெண், வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தவளுக்கு முதலெழுத்துகூட நமக்குக் கிடைக்கவில்லை.

மிச்சமான நேரத்தில் கவிதை எழுதலாம் என்றிருந்தேன். அடுத்த பருவத்தில் வரலாற்றுத் துறைச் சான்றிதழும் வந்தது, பின்னாலேயே விளையாட்டு விழாவினுடையதும். "மேடம்தான் ஒரு நிமிஷத்துல முடிச்சிடுறாங்களே." இரண்டு முறை செய்து கொடுத்தேன். மூன்றாம் முறை துறைக் கூட்டத்தில், இனி சான்றிதழ் முறை வைத்துச் செய்யப்படும், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவேன் என்றேன். சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தோழி ஒருத்திதான், "நியாயம்தானே சார்" என்றாள்.

முதல் முறை, என்னைவிட மூத்த பேராசிரியர் ஒருவருடையது. தொல்காப்பியத்தைத் தலைகீழாகச் சொல்வார். ஒற்றை விரலால் தட்டி, வொய்ல் மடக்கே போதும் என்று எழுதி முடித்துத் திறந்தார். திரை வெள்ளையாக இருந்தது. சுட்டியை அழுத்தினார், அசையவில்லை.

"நின்னு போச்சும்மா."

ஐயைக் கூட்டும் வரி இல்லை என்பதைப் பார்த்துவிட்டிருந்தேன்.

"நிக்கல சார். நிக்காம ஓடிக்கிட்டிருக்கு."