விட்டுப்போனவற்றின் கணக்கு



என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய குறிப்பேடு இருக்கிறது. துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சென்ற நாள்களையும், செலவான தோட்டாக்களின் எண்ணிக்கையையும் அதில் எழுதி வருவேன். அதன் கடைசிப் பக்கங்களுக்கு மட்டும் ‘விட்டுப்போனவை’ என்று தலைப்பிட்டிருந்தேன். மலிவாகக் கிடைத்த காலத்தில் நான் வாங்காமல் விட்ட துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய விலை, இன்றைய விலை, இழப்பு என மூன்று கட்டங்கள். பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களை ஒரு வியாபாரியின் கவனத்தோடு பராமரித்தேன். சென்ற குளிர்காலத்தில் அவற்றைக் கிழித்தெறிந்தேன். ஏன் கிழித்தேன் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

துப்பாக்கி என்றதும் ஊரிலுள்ள வாசகர்கள் திகைக்கக்கூடும். நான் கீழக்கரையில் பிறந்து, வேலையின் பொருட்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியேறியவன். இங்கே இலக்கு சுடுதல் நம் ஊரின் கைப்பந்து போலச் சாதாரணமான ஒரு விளையாட்டு. இரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரி என்னும் இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. அலுவலகத் தோழர் ஒருவர் அழைத்துச் செல்ல, நானும் அதில் ஈடுபட்டேன். மூச்சை அடக்கி, கையை நிலைநிறுத்தி, குறியில் மனத்தைக் குவிக்கும் அந்தச் சில வினாடிகளின் அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்பெய்யும் பயிற்சியை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததையும் எண்ணி மனநிறைவு கொண்டேன்.

இந்த விளையாட்டில் கையிருப்புக் குறைந்தவர்களின் புகலிடம், படைகள் தமக்கு வேண்டாமென்று கழித்த உபரித் துப்பாக்கிகள். சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு, கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளில் பல்லாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தவை கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. அவற்றில் மிகுதியாக வந்தது மோசின் நாகான்ட் என்னும் ரஷ்யத் துப்பாக்கி. 1891இல் ஜார் மன்னரின் படைக்கென ஏற்கப்பட்டு, 1930இல் திருத்தியமைக்கப்பட்டு, மூன்று கோடிக்கும் மேல் செய்யப்பட்ட கருவி அது. துருப் பிடிக்காதிருக்கப் பூசிய பழுப்பு நிற மெழுகெண்ணெய் சொட்டச் சொட்ட, பெட்டிக்கு இருபது வீதம் வரும். 2000களின் நடுவில் விளையாட்டுப் பொருள் கடைகளில் அதன் விலை எண்பது, தொண்ணூறு டாலர்தான். அதற்குரிய தோட்டாக்கள் 440 அடங்கிய தகரப் பெட்டியும் ஏறக்குறைய அதே விலை. மீன் டப்பாவைப் போல முற்றாக மூடப்பட்ட அந்தப் பெட்டியைத் திறக்கத் தனியொரு திறப்பானும் கொடுப்பார்கள்.

இவ்வளவு மலிவு நிலைத்திருக்காது என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். இந்தச் சந்தையின் கதவு ஒரு சட்டத்தால் திறக்கும், மற்றொன்றால் மூடும். 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்றதே இப்படிப்பட்ட மலிவுச் சரக்குதான். தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்டுக்கு அஞ்சலில் வரவழைக்கப்பட்ட இத்தாலியப் படையின் உபரித் துப்பாக்கி அது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் விற்பனையையும், படைகளின் உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1984இல், பழமைச் சிறப்புடையவற்றுக்கு மட்டும் கதவு மீண்டும் திறந்தது. 1994இல் சீனத் துப்பாக்கிகளுக்கு அடைபட்டது. 2021இல் ரஷ்யத் தோட்டாக்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் புதிய இறக்குமதி உரிமம் நின்றுபோனது. ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும், வெளியே நின்றவர்கள் கையைப் பிசைந்துகொள்வார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

என் குறிப்பேட்டின் முதல் வரி 2006ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று சனிக்கிழமை. ஊர்ப்புறத்துக் கடையொன்றின் மூலையில், தாங்கியில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கிகளிடையே ஒன்று எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. எடுத்துத் திருப்பினேன். வெள்ளையன் காலத்து த்ரீ நாட் த்ரீயின் அதே உருவம். பிடியின் அருகிலிருந்த இரும்பு வளையத்தில் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்றும் அதன்கீழ் 1966 என்றும் பொறித்திருந்தது. இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை! கொல்கத்தாவின் அருகே, 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப நம் நாட்டில் செய்யப்பட்டது. சிறுவயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் கருவூலத்துக்குச் சென்றபோது, வாசலில் நின்ற காவலரின் தோளில் தொங்கியதும் இதே உருவம்தான். பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அது விலைச்சீட்டு தொங்க நின்றது: 140 டாலர்.

அதனோடு ஒரு மோசின் நாகான்ட்டும் இரண்டு தகரப் பெட்டித் தோட்டாவும் சேர்த்து, எல்லாம் நானூறு டாலருக்குள் அடங்கும் எனக் கணக்கிட்டேன். எனினும் அன்று வாங்கவில்லை. வாங்குவோர் நிரப்ப வேண்டிய 4473 எண் படிவத்தை நீட்டியபோது கை தயங்கியது. 2001க்குப் பிந்திய ஆண்டுகள் அவை. நிரந்தரக் குடியுரிமை அட்டை வைத்திருந்த எனக்குச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. கடைக்காரரும் கண்ணியமாகவே நடந்துகொண்டார். ஆனாலும் என் பெயரையும் தாடியையும் தோட்டாப் பெட்டிகளையும் ஒரே காகிதத்தில் வைத்துப் பார்க்க எனக்கே அச்சமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அதன்பின் போனபோது தாங்கி காலியாக இருந்தது.

குறிப்பேட்டில் எழுதியது அவ்வளவே. அன்றைய விலை 400. காலப்போக்கில் இன்றைய விலையைத் திருத்திக்கொண்டே வந்தேன். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நிகழ்ந்தபின், புதிய சட்டங்கள் வரும் என்ற அச்சத்தில் மக்கள் தோட்டாக்களை அள்ளிக் குவித்தார்கள். கடைத் தட்டுகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், அதே காட்சி மீண்டும். ஒவ்வோர் அலையிலும் விலை ஒரு படி ஏறியது. நான் ஒரு வரி எழுதினேன். அமெரிக்கப் படையின் எம் ஒன் காரண்ட் துப்பாக்கியை அரசு ஏற்பாட்டில் நிறுவப்பட்ட அமைப்பொன்று மலிவாக விற்றபோது, குடியுரிமை பெற்றவர்க்கே அது கிடைக்கும் என்ற விதியால் தவறவிட்டேன். அதுவும் ஒரு வரி. கடைசியாகத் திருத்தியபோது முதல் வரியின் இன்றைய விலை 1,600 என்றும், இழப்பு 1,200 என்றும் இருந்தது.

வாங்கியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்றே எண்ணியிருந்தேன். பயிற்சித் திடலில் பழக்கமான முதியவர் ஒருவர், மனைவியை இழந்து தனியே வாழ்பவர், ஒருநாள் தம் வீட்டின் நிலவறைக்கு என்னை அழைத்துச் சென்றார். சுவரை ஒட்டி மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பல பெட்டிகளின் கம்பிக்கட்டுகூட அவிழ்க்கப்படவில்லை. அவருக்குத் தோள் வலி, சுட முடிவதில்லை. பிள்ளைகள் இருவருக்கும் இதில் நாட்டமில்லை. அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் பெருமூச்சோடு சொன்னது: “இன்னும் இரண்டு பெட்டி வாங்கியிருக்கலாம்.” வாங்காத நான் எதைச் சொல்லிக் கவலைப்பட்டேனோ, அதையே, அதே சொற்களில், வாங்கிய அவரும் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனத்தை உறுத்தியது. எனினும் குறிப்பேட்டை விடவில்லை.

விட வைத்தவள் என் மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், மேசையில் திறந்து கிடந்த பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

“வாப்பா, 400 டாலர் கையில வச்சிருந்தீங்கதானே? அத வாங்கலன்னா, அந்தப் பணத்த என்ன பண்ணீங்க?”

சட்டென்று விடை வரவில்லை. பழைய காகிதக் கட்டுகளைத் தேடினேன். அந்த ஆண்டின் ரசீதுகளுக்கிடையே, அந்த வாரத்துத் தேதியிட்ட ஒரு பணவிடைச் சீட்டு அகப்பட்டது. நானூறு டாலர். அன்றைய மாற்று விலைப்படி 18,000 ரூபாய். பெறுநர் இடத்தில் லாத்தாவின் பெயர்.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வாரத்தின் நடுவில் லாத்தா தொலைபேசியில் அழைத்திருந்தார். “உம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. குர்ஆனக் கையில வச்சுக்கிட்டு, மனப்பாடமா இருக்கறத ஓதிக்கிட்டிருக்காங்க. எழுத்துத் தெரியுதாம்மான்னு கேட்டா, தெரியுது தெரியுதுங்கறாங்க. பக்கம் தலைகீழா இருக்கு.” இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. மதுரையில் அறுவை செய்ய நானூறு டாலரை அனுப்பினேன். முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து மறு கண். கட்டு அவிழ்த்த அன்று உம்மா பேசியபோது, வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று லாத்தாவைக் கடிந்துகொண்டிருந்தார்.

உம்மா 2017இல் வஃபாத்தானார்கள். பதினோரு ஆண்டுகள் தம் கண்ணால் ஓதினார்கள். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஊருக்குச் சென்ற ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, நான் இளைத்திருக்கிறேனா என்று முகத்தை உற்றுப் பார்த்தார்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளை வாங்கிய பணத்தைத்தான், இழப்பு 1,200 டாலர் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்! பொய்க் கணக்கு எழுதியவன் என்று என்னைப் பிறர் சொல்லியிருந்தால் சினந்திருப்பேன். என் குறிப்பேடே அதற்குச் சாட்சியாக இருந்தது. விலைகளில் பிழையில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்ததை எழுத மட்டும் ஒரு கட்டம் வைக்காமல் விட்டிருந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கைதவறிப் போனவற்றுக்காகத் துக்கப்படலாகாது என்ற இறைவசனம் எங்கோ இருப்பது நினைவில் நெருட, எழுந்து தேடினேன். 57ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனம். நேரிடுவதெல்லாம் முன்பே பதிவானவை. தவறிப்போனதற்காக நீங்கள் கவலைப்படாமலும், கிடைத்ததற்காகக் கர்வம் கொள்ளாமலும் இருப்பதற்காகவே இது அறிவிக்கப்படுகிறது என்பது அதன் கருத்து. அத்தியாயத்தின் பெயரைப் பார்த்தேன். அல் ஹதீத். இரும்பு! அதே பக்கத்தில், இரண்டு வசனங்கள் தள்ளி, கடும் வலிமையும் மனிதருக்குப் பயன்களும் உடைய இரும்பை இறக்கியதாக இறைவன் கூறுகிறான். இரும்புக்காக ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு வேண்டிய மருந்து, இரும்பின் பெயர் தாங்கிய அத்தியாயத்திலேயே இருந்திருக்கிறது. எத்தனையோ ரமளானில் ஓதிக் கடந்திருக்கிறேன். ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை.

‘இப்படிச் செய்திருந்தால்’ என்ற சொல் ஷைத்தானின் செயலுக்கு வாயிலைத் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை நாம் அறிவோம். பெருந்துயர்களுக்கே அது பொருந்தும் என்று எண்ணியிருந்தேன். மலிவாகக் கிடைத்ததை வாங்காமல் விட்ட அற்ப ஆதங்கமும் அதே வாயிலில்தான் நுழைகிறது. அந்தப் பழைய தோட்டாக்களைச் சுட்டவர்களுக்கு ஒன்று தெரியும். அவற்றின் தீக்குச்சி மருந்து குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உப்பைப் படியவிடும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெயிட வேண்டும். எண்ணெய் மட்டும் போதாது. உப்பு நீரில்தான் கரையும். என் ஆதங்கத்தை நான் கழுவவில்லை. ஆண்டுதோறும் எண்ணெயிட்டுப் பாதுகாத்தேன்.

இன்று என்னிடம் ஒரே ஒரு மோசின் நாகான்ட் இருக்கிறது. பிற்காலத்தில், மலிவு போன பின், நியாயமான விலை கொடுத்து வாங்கியது. பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதன் குழலில் 1943 என்று பொறித்திருக்கிறது. மேற்பரப்பில் கடைசல் கருவியின் தடங்கள் கரடுமுரடாக அப்படியே இருக்கின்றன. போர்முனையில் ஆள்கள் காத்திருந்த அவசரத்தில் மெருகிட நேரமில்லை. அதை முதலில் ஏந்திய இளைஞன் யாரோ, வீடு திரும்பினானோ இல்லையோ. அவனுடைய உம்மாவும் வாசலில் நின்று வழி பார்த்திருப்பார். எண்பது டாலருக்கு மலிந்து கிடந்ததன் பின்னால் இப்படி எத்தனை வாசல்கள் என்பதை, விலையை மட்டும் எழுதிவந்த நாள்களில் நான் நினைத்ததே இல்லை.

சகோதர சகோதரிகளே, உங்களிடம் துப்பாக்கிக் கணக்கு இராது. ஆனால் அன்று வாங்காத மனை, பவுன் மலிந்த காலத்தில் எடுக்காத நகை, விட்டுக்கொடுத்த பங்கு என்று ஏதோ ஒரு கடைசிப் பக்கம் இருக்கலாம். அதைத் திறக்கும்போது என் மகள் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: அந்தப் பணம் எங்கே போயிற்று? ஒரு மருத்துவச் செலவு, ஒரு தங்கையின் நிக்காஹ், ஒரு பிள்ளையின் படிப்பு விடையாக வந்தால், இழப்பு என்று எழுதிய இடத்தை அடித்துவிடுங்கள்.

கிடைத்ததில் பரக்கத்தையும், கிடைக்காததில் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. என் உம்மாவுக்காக துஆச் செய்யுங்கள்.