பாலாடை

திருவண்ணாமலைக் கோயிலில் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர். வடமொழியில் அபீதகுஜாம்பாள் என்பார்கள். எந்தக் குழந்தையும் பருகாத மார்பை உடையவள் என்று பொருள். சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் நின்று அதன் பொருளை யோசித்ததில்லை. என் பேரன் பிறந்த பிறகுதான் யோசிக்க நேர்ந்தது.

என் பெண்ணை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறோம். குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மார்பில் விட்டால் நாலு வாய் சப்புவான். களைத்துத் தூங்கிப் போவான். எழுப்பிக் கொடுத்தால் புரை ஏறும். கடைவாயில் பால் வழியும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அது முடிந்து அவள் கண் அயர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஒரு ராத்திரி, "அப்பா, என் பால் இவனுக்குப் பிடிக்கலியா?" என்று கேட்டாள். கதைகளில் எத்தனையோ பெண்களைப் பேச வைத்தவன் நான். என் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சொல்வதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எதிர் வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "தொண்டையிலே என்னமோ சிக்கிக்கிட்டிருக்கு. இட்டுக்கிட்டுப் போய்த் தொக்கம் எடுத்துடுங்க" என்றாள். தமிழ்நாட்டில் பழைய வழக்கம் இது. தொக்கம் எடுப்பவர் குழந்தையின் வயிற்றைத் தடவுவார். வாயால் ஊதுவார் அல்லது உறிஞ்சுவார். கடைசியில் ஏதோ ஒரு துணுக்கைக் கையில் வைத்துக் காட்டுவார். வயிற்றில் கிடப்பது அப்படி வெளியே வராது என்பதும், பிஞ்சுத் தொண்டையில் இப்படி விளையாடினால் ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நாங்கள் போகவில்லை. ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டிலேயே நாங்கள் செய்தது அதைவிட மேல் என்று சொல்ல மாட்டேன்.

என் மனைவி பெட்டியின் அடியிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்தாள். "மூணு பிள்ளை வளர்த்தவ நான். இவளுக்கே இதிலேதான் ஊத்தினேன். நீங்க கையை மட்டும் பிடிச்சிக்கோங்க" என்றாள். கால்களை நீட்டி, குழந்தையை அதில் மல்லாக்கப் போட்டுக்கொண்டாள். அவன் வீறிட்டு அழுவான். திறந்த வாயில் கறந்து வைத்த தாய்ப்பாலை அவள் ஊற்றுவாள். அழுகை நின்றால் விழுங்கிவிட்டான் என்று கணக்கு. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. "பார்த்தியா, பிடிவாதம்தான்" என்று என் பெண்ணிடம் நானே சொன்னேன்.

மூன்றாம் நாள் அழுகை நின்றது. ஆனால் அவன் விழுங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. கவிழ்த்து முதுகில் தட்டியதும் இருமி, மூச்சு வந்தது. அன்றைக்குப் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குப் போகும் ஜனங்கள் ஊரை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நகரவில்லை. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஓடினார். பின்னால் ஓட முடியாமல் நான் நடந்தேன். நான் பிடித்திருந்த சின்னக் கைகளின் சூடு என் உள்ளங்கையில் இருப்பதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது.

பால் நுரையீரலுக்குப் போயிருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே ஒரு பெண்மணி வந்தாள். பேச்சுப் பயிற்சி தருகிறவள் என்றார்கள். பேச்சே வராத குழந்தைக்கு இவள் எதற்கு என்று நினைத்தேன். பேசுகிற உதடும் நாக்கும் தொண்டையும்தான் விழுங்கவும் வேண்டும் என்பது அந்த வயது வரை எனக்குத் தோன்றாதது வேடிக்கைதான். அவள் குழந்தையைத் தொடவில்லை. அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பிடிவாதம் இல்லீங்க. மூச்சுக்கும் விழுங்கறதுக்கும் இன்னும் தாளம் சேரலை."

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் முறை வைத்து நடக்க வேண்டும். விழுங்குகிற கணத்தில் மூச்சு நின்று வழிவிட வேண்டும். இந்த ஒழுங்கு கருவில் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடி வருகிறதாம். முன்னதாகப் பிறந்த பிள்ளைக்குச் சில சமயம் பிறந்த பிறகும் நாள் பிடிக்கும். மேலண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கோ சப்புவதற்கு வேண்டிய இழுவிசையே வாயில் உண்டாகாது; பால் மூக்கு வழியே வந்துவிடும். மூளையில் அடிபட்ட பிள்ளைக்கு நாக்கு சொன்னபடி கேட்காது. எல்லாவற்றையும் நாம் "சாப்பிட மாட்டேங்கறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 2013-ல் மத்திய அரசு குழந்தைகளுக்கென்று ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் முன்கூட்டியே கண்டுபிடித்துக் கவனிக்க மாவட்டந்தோறும் ஒரு மையம் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதை நான் அறிந்ததும் அப்போதுதான்.

கடைசியில் அவள், "வீட்டிலே பாலாடை இருக்கா?" என்று கேட்டாள்.

என் மனைவி அழுதுவிட்டாள். அந்தப் பாலாடையை அவள் பரண்மேல் வீசியிருந்தாள். ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புட்டியைவிட அதைக் கழுவிச் சுத்தமாக வைப்பது சுலபம். ஊற்றுகிற விதம்தான் வேறு. குழந்தையைத் தலை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். மூக்கு நுனியைக் கீழுதட்டில் வைத்துத் துளித் துளியாய் விட வேண்டும். அவன் விழுங்கி, ஒரு மூச்சு விட்ட பிறகே அடுத்த துளி. அழுதால் நிறுத்திவிட வேண்டும். கையைப் பிடிக்க ஆளே வேண்டாம்.

வீடு திரும்பிய வாரத்தில் என் பெண்ணும் நானும் கோயிலுக்குப் போனோம். அம்மன் சந்நிதியில் அவள் வெகு நேரம் நின்றாள். வெளியே வந்ததும், "யாரும் குடிக்காட்டியும் இவளை ஊரே அம்மான்னுதானே கூப்பிடுது, இல்லப்பா?" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை.

இப்போது பேரனுக்கு 2 வயது. ஒரு இட்லி தின்ன அரை மணி ஆகிறது. போன மாதம் அவன் கடைசி விள்ளலை மென்று முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்ததில், நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.