விதையும் ஒட்டாத காலணி

அண்டார்டிகாவுக்குப் புறப்படும் வாலிபர் முதலாவது எதை ஆயத்தப்படுத்த வேண்டும்? கம்பளி உடையை என்பீர்கள். கனடாவின் ஜெஃப் கிரீன் தொடங்கிய 'ஸ்டூடன்ட்ஸ் ஆன் ஐஸ்' அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து மாணவரைத் துருவங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறது. அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பலேறி, டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்களாகும். கரையிறங்குமுன் ஒவ்வொருவரும் காலணியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வர்; சட்டைப்பை மடிப்புகளில் ஒளிந்திருக்கும் விதைகளையும் தூசி உறிஞ்சும் கருவியால் அகற்றுவர்.

காரணம் யாது? அண்டார்டிகத் தீபகற்பம் வெப்பமடைந்து வருகிறது. 2002-இல் லார்சன் பி பனியடுக்கில் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கிற்று. குளிர் தளரும் மண்ணில் அந்நிய விதை எளிதாய் வேர்விடும். கிங் ஜார்ஜ் தீவில் ஐரோப்பியப் புல் முளைத்ததும் மனிதர் கொண்டுபோனதாலேயே.

பனி உருகுவதைக் காணச் செல்பவர் தம் காலடியிலேயே இன்னொரு கேட்டைச் சுமந்து செல்லலாகாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.