பின்கதவு தட்ட ஆள் இருக்கும்போதே

சென்னையிலும் கோவையிலும் பழைய கார்களை மீட்டுத் தரும் பட்டறைகளுக்குள் நுழைந்தால், வேலை நடக்கும் வண்டிகளைவிட வேலை நின்றுபோன வண்டிகள்தான் முதலில் கண்ணில் படும். நான் பார்த்த ஒரு பட்டறையில், மரக்கட்டைகள் மேல் ஏற்றிய ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு சுவரோரம் நின்றது. அதன் கூரை மேல் வேறு வண்டியின் பம்பர், சீட் இருந்த இடத்தில் காலி பெயின்ட் டப்பாக்கள், உடம்பெங்கும் சாம்பல் நிற பிரைமர். யாருடையது என்று கேட்டால், “சார் வெளியூர்ல இருக்காரு, வருவாரு” என்கிறார்கள். பணம் தீர்ந்து கைவிட்டவர்கள் சிலர்தான் என்பது பட்டறைக்காரர்கள் பலரும் சொல்லும் விஷயம். பெரும்பாலான வண்டிகள் நின்றதற்குக் காரணம், கொண்டு வந்து விட்ட அன்று உரிமையாளர் பெருந்தன்மையாகச் சொன்ன ஒரு வாக்கியம்: “அவசரமில்ல, மெதுவா பாருங்க.” ஆயுள் கொஞ்சம், ஆசைப்பட்டதை முடித்துவிடு என்று யாராவது சொன்னால் நாம் உரிமையாளரின் ஆயுளைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். பட்டறைக்குள் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு தப்பாகத் தெரிகிறது. அந்த வண்டியை முடித்துத் தரக்கூடிய ஆட்கள் பலர் உரிமையாளரைவிட மூத்தவர்கள். முதலில் தீரப்போவது அவர்களுடைய காலம்.

ஹெரால்டை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அது சென்னை வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த காரின் இந்தியப் பதிப்பு அது; வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியுடையது. பொழுதுபோக்காகக் கார் மீட்பவர்களுக்கு இதைப் போல ஒத்துழைக்கும் வண்டி குறைவு. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சங்கடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனிச் சேசிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டு இணைக்கும் முறைக்குப் போனார்கள். பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். என்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். போல்ட்டைக் கழற்றினால் உடல் தனி, சேசிஸ் தனி. ஆனால் அத்தனை எளிதாகக் கழற்ற முடிவதால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முழுவதையும் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய வண்டிகளில் எத்தனை திரும்பக் கூடுகின்றன என்று சுவரோரம் நிற்பவற்றைப் பார்த்தாலே புரியும்.

வேலையின் தன்மையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வண்டியை முடித்துத் தரும் ஆட்களை ஏன் எளிதில் மாற்ற முடியாது என்பது விளங்கும். கார் கதவு கீழ்விளிம்பிலிருந்துதான் அரிக்கும். கண்ணாடியோரம் இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போய், அடியில் உள்ள துளை வழியாக வெளியேற வேண்டும். துளையைச் சேறு அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகரம் ஏற்கெனவே போயிருக்கும். தகர வேலை பார்க்கும் டிங்கர் நாலு விரல்கடை உயரத்துக்கு அதை வெட்டி எடுக்கிறார். அட்டையில் அளவு எடுத்து, 20 கேஜ் தகரத்தில் வெட்டி, ஓரத்தை மடித்துக் கதவுச் சட்டத்தோடு பிடிக்க வைக்கிறார். இதுவரை யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். அடுத்துத்தான் சிக்கல். கேஸ் வெல்டிங் சூட்டில் தகரம் விரிந்து, இணைப்புக்கு மேலே ஒரு இடம் உப்பிக்கொள்கிறது. விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய்த் திரும்பி வருகிறது. சுத்தியலால் அடித்தால் இன்னும் விரியும். அவர் உப்பிய இடத்தின் நடுவில் ஒரு காசு அளவுக்கு மட்டும் சுடரைக் காட்டிச் சிவக்க வைக்கிறார். பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து, சிவந்த வட்டத்தைச் சுற்றி லேசாக நாலு தட்டு. உடனே நனைத்த பனியன் வேஸ்ட்டை வைத்து ஒற்றுகிறார். தகரம் சுருங்கி இழுத்துக்கொள்கிறது. பிறகு கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவே துணியை வைத்துத் தடவிப் பார்க்கிறார். வெறுங்கைக்குத் தெரியாத மேடு துணி வழியே தெரியுமாம். இன்னொரு காசு அளவு, இன்னொரு ஒற்றல். சூடு ஒரு கணம் கூடிப்போனால் கதவு முறுக்கிக்கொள்ளும். எங்கே நிறுத்துவது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. “பட்டியை அப்பி மூடறவன் டிங்கர் இல்ல சார், கொத்தனார்” என்றார் அவர். கொத்தனார்கள் மன்னிக்கட்டும்.

இந்த வேலையை அடுத்த தலைமுறை கற்காததற்கு இளைஞர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது பட்டறைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய காரின் உடற்கூட்டில் பல பாகங்கள் உயர்வலிமை எஃகு. அதைச் சூடு காட்டித் தட்டினால் வலிமை போய்விடும். அடிபட்ட பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதே சரியான வேலை. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுப்பதும் பெரும்பாலும் அதற்குத்தான். மாட்டத் தெரிந்த பையனுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கிடைக்கிற இடத்தில், தகரத்தைச் சுருக்கத் தெரிந்து அவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது? அவன் செய்வது புத்திசாலித்தனம். ஆக இந்தத் திறமை மறைவது பொருளாதார நியாயப்படி நடக்கிறது, அறிவுரையால் தடுக்கக்கூடியது அல்ல. இதே கதை குஷன் கடையிலும் ரேடியேட்டர் கடையிலும் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிலும் அப்படித்தான். அங்கே ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில், இது எந்த வண்டியுடையது, இதற்குப் பதிலாக எந்த வண்டிச் சாமானைக் கொஞ்சம் கடைந்து போடலாம் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலையில் இருப்பது எழுதி வைக்கப்படவில்லை.

வண்டியும் காத்திருப்பதில்லை. நிற்கிற கார் ஓடுகிற காரைவிட வேகமாகக் கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிடும். என்ஜின் சுற்றாமல் நின்றால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் விட்ட பெட்ரோல் பசையாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கிறது. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது அந்தச் சாம்பல் பிரைமர். பெயின்ட் பூசியாகிவிட்டது, வண்டி பத்திரம் என்று உரிமையாளர் நினைத்துக்கொள்கிறார். சாதாரண பிரைமருக்குத் தண்ணீரைத் தடுக்கும் குணம் கிடையாது. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் தகரத்துக்குப் போகும். கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரைமரோடு சில மழைக்காலம் நின்ற வண்டியை மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் தகரத்துக்கு வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. இரண்டாவது தடவை அதே டிங்கர் இருப்பாரா என்பது தனிக் கேள்வி.

பட்டறையின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் வண்டிக்குத் தேதி இருக்கிறது, டாக்சிக்காரர் தினம் வந்து வாசலில் நிற்கிறார். நிற்காதவருடைய வண்டி பின்னுக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. அவசரமில்லை என்ற சொல்லைத் தாராள மனசாக நினைத்துச் சொல்கிறோம். பட்டறைக்காரர் காதில் அது, இந்த வேலைக்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாது என்றுதான் விழுகிறது. அட்வான்ஸ் முதல் மாதத்திலேயே கரைந்திருக்கும். அதன் பிறகு அந்தக் கூடு இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தை வாடகையின்றி அடைத்துக்கொண்டு நிற்கும். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள். கூலி மட்டும் வருவதில்லை. முடிக்காத வண்டி உரிமையாளருக்கு ஒரு கனவாக இருக்கலாம், தொழிலாளிக்கு அது வராக்கடன். கைவினையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும் கார்ப் பிரியர்கள், கடைசித் தவணையைத் தந்து வண்டியை வெளியே ஓட்டிப் போவதைவிடப் பெரிய உதவி எதையும் செய்துவிட முடியாது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது வலுவானது. இருபது வருடம் முன்பு கிடைக்காத சாமான் இன்று இங்கிலாந்திலிருந்து வீட்டுக்கே வருகிறது. நாள் ஆக ஆக வசதி கூடத்தானே செய்கிறது, எதற்கு ஓட வேண்டும்? இங்கிலாந்தில் ஹெரால்டு வகைக் கார்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாராயின. அங்கே இன்றும் பிரியர்கள் ஏராளம், ஆகவே என்ஜின் சாமானும் முன்பக்கத் தகரங்களும் புதிதாகவே கிடைக்கின்றன. இது உண்மை. ஆனால் அங்கே தயாரான ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்தது. உலகில் வேறெங்கும் வரவில்லை. அதன் பின்கதவை லண்டனில் எந்தக் கடையிலும் கேட்க முடியாது. வண்டலூரில் அச்சு வைத்திருந்த நிறுவனம் 1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு 2000 காரோடு தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அந்தக் கதவு இனிமேல் வந்தால் காயலான் கடையிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன டிங்கரின் கையிலிருந்து வர வேண்டும். சாமான் கிடைப்பது வருடத்துக்கு வருடம் சுலபமாகிறது, ஆள் கிடைப்பது அரிதாகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்ததுதான் பிழை.

செய்வதில்தான் இன்பம், முடிப்பதற்கு என்ன அவசரம் என்பார்கள் சிலர். ஞாயிறு தோறும் கையில் ஸ்பேனரோடு தானே வண்டிக்கடியில் படுப்பவர் இதைச் சொன்னால் எனக்குப் பதில் இல்லை. அவருடைய ஆயுள், அவருடைய இன்பம். ஆனால் நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலும் உரிமையாளர் கழற்றுகிறார், கூட்டுவது கூலிக்கு வருபவர். அப்போது செய்வதன் இன்பம் என்பது இன்னொருவருடைய இடத்தையும் நேரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அனுபவிப்பது. இன்னொரு மறுப்பு கச்சிதம் பற்றியது: அசல் நிறம், அசல் போல்ட், அசல் மீட்டர் கிடைக்கும் வரை பொறுக்க வேண்டாமா? பொறுக்கலாம், வண்டியை ஓட்டிக்கொண்டே பொறுக்கலாம். தவறான தலை உள்ள போல்ட்டைப் பிறகு மாற்ற முடியும். ஒரு மீட்டருக்காகக் காத்திருந்து அழுகிப்போன சேசிஸை மாற்றுவது அத்தனை சுலபமில்லை.

கோவைப் பட்டறை மரபில் வண்டியை முடிக்கிற இன்னொரு கூட்டம் உண்டு: பந்தயக் கார் கட்டுபவர்கள். அவர்களில் ஒருவரான எஸ். கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியபோது சாமான் வசதி இன்றைக்கு இருப்பதில் சிறு பங்குகூட இல்லை. கையில் கிடைத்ததை வைத்துக் கட்டினார், கட்டியதை ஓட்டினார்கள், ஓட்டிப் பார்த்துத் திருத்தினார்கள். பந்தயத் தேதி யாருக்காகவும் தள்ளிப் போகாது என்பதே அந்த வண்டிகள் முடிந்ததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது அவர் கட்டிய கார்கள் களத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய கார்க்காரர்களுக்கும் தேதி வேண்டும். பழைய கார் ஊர்வலம் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம், பதிவுப் புத்தகத்தின் காலாவதியைக் குறித்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டி சோதனைக்குப் போக வேண்டும். சக்கரம் இல்லாத கூட்டை எஃப்.சி.க்குக் கொண்டுபோக முடியாது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதற்கும் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், காகிதத்தில் கையெழுத்துப் போட உரிமையாளர் உயிரோடு இருக்க வேண்டும். வாரிசுகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கழற்றிய கார் விட்டுப் போனால் அவர்கள் எடைக்குத்தான் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த போல்ட் எங்கே என்று யார் அவர்களுக்குச் சொல்வது?

ஆகவே சுவரோரம் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் வேலையின் வரிசையை மாற்றிப் போடலாம். இங்கிலாந்துச் சாமானுக்கு ஆர்டர் போடுவது கடைசியில் இருக்கட்டும். பிரேக்கும் என்ஜினும் முதலில் உயிர் பெறட்டும், ஓடுகிற வண்டியை யாரும் மூலையில் தள்ள மாட்டார்கள். அதோடு கூடவே, டிங்கருக்குத் தேதி சொல்லி, வாரக்கூலி பேசி, இரண்டு பின்கதவுகளை மட்டும் கழற்றிக் கொடுங்கள். அவர் தட்டும்போது பக்கத்தில் நிற்க ஒரு பையனை வைத்துக்கொள்ளச் சொல்லி, அவன் கூலியையும் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். பானெட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.