பீடியை விட்டதற்குத் திட்டு வாங்கியவன்

மாப்பிள்ளை, நேற்று உங்கம்மா போனில் அழுதாள். மூன்று நாளாக நீ மனநோய்க்கான ஒலான்சபைன் போடவில்லையாம், தலையணை உறைக்குள் மாத்திரைகள் கிடந்தனவாம். திட்டுவதற்கு எழுதவில்லை. தலையணை உறை, கழிவறை, செம்பருத்திச் செடியின் அடிமண் என்று ஒளிக்கிற இடமெல்லாம் எனக்கும் அத்துப்படி. முப்பத்தெட்டு வருஷமாக நானும் மாத்திரைக்காரன்தான்.

1987இல் எனக்கு முதலில் கொடுத்தது ஹாலோபெரிடால். மூன்றாம் நாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகிவிட்டது. பேய் முற்றிவிட்டதென்று உன் தாத்தா கோயிலுக்கு வண்டி பிடித்தார். வழியில் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, “இது மருந்து செய்கிற வேலை, வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க” என்றார். ஒரே ஊசிதான், அரை மணி நேரத்தில் கழுத்து நிமிர்ந்தது. இளவயது ஆண்களுக்கு முதல் சில நாட்களில் இப்படி ஆவதுண்டு, அதற்கு மாற்று மருந்தும் உண்டு. அதையெல்லாம் யாரிடமும் கேட்காமல், பயத்தில் மாத்திரையை நானே நிறுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை. வினையே அங்கேதான். நாலு மாதம் ராஜா மாதிரி திரிந்தேன். ஐந்தாம் மாதம் மின்விசிறி என் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் ஒருவனும் நிறுத்த மாட்டான். வாரங்கள், மாதங்கள் கழித்து வருவதால் இரண்டுக்கும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

நீ நிறுத்தியதற்கும் காரணம் இருக்கும். எடை ஏறிவிட்டது என்றாள் அம்மா. இந்த மருந்து இரவு பதினோரு மணிக்குச் சோற்றுப்பானையைத் தேட வைக்கும். அது உன் நாக்கின் குற்றமில்லை. எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு இவற்றைத் தொடக்கத்திலும் மூன்று மாதத்திலும் பார்க்க வேண்டும். பார்த்தார்களா? இல்லையென்றால் நீயே கேள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், ஆனால் அதை டாக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். கால் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தாலும் சொல், நோய் முற்றியதாக வீட்டில் நினைத்துவிடுவார்கள். ஆண்மை சம்பந்தமான சங்கடமானாலும் வாயைத் திறந்து சொல். டாக்டர் கேட்காத கேள்வி இல்லை, வெட்கமெல்லாம் நமக்குத்தான்.

நான் சொல்லாமல் விட்டதன் பலனைக் கேள். பிறகு எனக்கு க்ளோசபைன் தொடங்கினார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும் என்பதால் முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க ஓட வேண்டும். மலச்சிக்கலைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது, குடலே நின்றுபோகலாம். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒருநாள் வைராக்கியம் வந்து தினம் ஒரு கட்டு குடித்த பீடியை ஒரேயடியாக விட்டேன். பத்தே நாளில் எச்சில் வழிய, தள்ளாடி, குளியலறையில் விழுந்து மண்டையில் நாலு தையல். புகை ஈரலை முடுக்கி மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கிவிட்டது. “விட்டது சரி, என்னிடம் சொல்லிவிட்டு விட்டால் என்ன?” என்று டாக்டர் கத்தினார். பீடியை விட்டதற்குத் திட்டு வாங்கியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உன் ஒலான்சபைனுக்கும் இதே கணக்குதான். நீ சிகரெட் பிடிப்பது உங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியட்டும்.

சாராயம் இந்த மாத்திரையோடு சேரவே கூடாது. காலையில் படுக்கையை விட்டுச் சட்டென்று எழாதே, தலை சுற்றும். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து, பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல், கையில் மாத்திரை அட்டையோடு. அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும்.

கோயிலுக்கு வண்டி பிடித்த உன் தாத்தா மாறிய கதையையும் கேள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். பேப்பரைப் படித்துவிட்டு உன் தாத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், முதல்முறையாக அவரே என் மாத்திரையை வாங்கிவந்தார். சாகும்வரை அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை.

மூன்று நாள் மாத்திரையையும் சேர்த்து இன்றைக்குப் போட்டுவிடாதே. நாளைக்கே டாக்டரிடம் போய், போடவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல், எதிலிருந்து தொடங்குவது என்று அவர் சொல்வார். என் மருந்தில் இரண்டு நாள் விட்டுப்போனாலே மறுபடி துளி அளவிலிருந்துதான் தொடங்குவார்கள். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416, டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் தனியாகப் போகக் கூச்சமென்றால் ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நில், நான் வருகிறேன்.