பாடி கட்டியவர் பில்

ஏரவாடாவில், புலேநகர் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கும் ஆளந்தி சாலையில், காலை பத்து மணிக்கு முன்பே ஏஜென்ட்டுகள் மேசை போட்டுவிடுகிறார்கள். ஸ்டேப்ளர், செலோடேப், படிவக் கட்டு, ஒரு பென்சில். எழுத எல்லோரிடமும் பேனா இருக்கிறது, பென்சில் உரசுவதற்கு. சேஸிஸ் நம்பர் கொத்தியிருக்கும் இடத்தில் மெல்லிய தாளை வைத்து உரசினால் கருமைக்கு நடுவே எண்கள் வெள்ளையாகத் தெரியும். அதைக் கத்தரித்துப் படிவத்தில் ஒட்டினால்தான் ஃபைல் நகரும்.

நான் தேடிப் போனது அந்தச் சாலையை ஒட்டிய ஒரு சந்திலிருக்கும் டிங்கரிங் ஷெட்டை. 1974-ல் பதிவான டெம்போ மெட்டடார் ஒன்று அங்கே நிற்கிறது, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து அதைக் கேம்பர் வேன் ஆக்குகிறார்கள், அதில் எது 'ஒரிஜினல்' என்று மூன்று பேருக்குள் தகராறு என்று நண்பர் சொல்லியிருந்தார். தகராறு என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மெட்டடாரைத் தெரியாத தமிழர் நாற்பது வயதுக்கு மேல் இருக்க மாட்டார். பால் கேன், பள்ளிப் பிள்ளைகள், கச்சேரிக் குழு, கல்யாண வீட்டு ஜமக்காளம் எல்லாம் ஏறி இறங்கிய வண்டி. பிறந்தது இதே புனேவின் மறுகோடியில், ஆகுர்டியில். ஹாம்பர்க் பக்கத்து விடால் அண்ட் சோன் நிறுவனத்தின் டெம்போ வண்டிகளை இங்கே செய்ய என்.கே. ஃபிரோதியா 1958-ல் தொடங்கியதுதான் பஜாஜ் டெம்போ. 2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். முதலில் மூன்று சக்கர ஹான்சீட், அப்புறம் வைகிங், அப்புறம் மெட்டடார். ஜெர்மனியில் 1949-ல் மெட்டடார் என்ற பெயரில் வந்த முதல் வண்டிக்கு எஞ்சின் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன். தன் சொந்த வேன் சந்தைக்கு வந்தபின், 1952-ல் அந்த சப்ளையை நிறுத்திக்கொண்டது. பங்காளிச் சண்டை அங்கேயும் உண்டு.

ஷெட்டின் உஸ்தாத் கட்கிக்காரர். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், ஷெட்டில் இந்தி, கெட்ட வார்த்தைக்கு மராத்தி. பையன்கள் உஸ்தாத் என்கிறார்கள். நான் அண்ணே என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வண்டியின் உடம்பு பாதி உரிந்திருந்தது. முன்சக்கரத்துக்கு விசை போகும் வண்டி இது. பின்னால் ஓடும் தண்டு கிடையாது, அதனால் தளம் தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்கிறது. கேம்பர் கட்டுகிறவர்களுக்கு அதுதான் ஆசை காட்டுகிறது. உள்ளே ஏறிய உஸ்தாத் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தளத் தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அடைத்துப் பற்றவைத்த துளைகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன.

"இது சீட்டுக்குப் போட்ட ஓட்டை இல்ல. சீட்டுன்னா நாலு நாலா, ரெண்டு பக்கமும் ஜோடியா வரும். இது ஒரே பக்கம், நீளத்துக்கு ரெண்டு வரிசை. ஸ்ட்ரெச்சர் தள்ளுற ரயில். மேல பாருங்க, கூரையில ஒரு பெரிய ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருக்கான். விளக்கு இருந்த இடம்."

ஆம்புலன்ஸ். பக்கவாட்டுத் தகட்டில் ஒரு பையன் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கிரீம், அதற்கடியில் நீலம், அதற்கடியில் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்புச் சிலுவையின் ஒரு கை.

உரிமையாளர் கல்யாணி நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் பெண். வண்டியை வாங்கும்போது விற்றவர் 'கம்பெனியே செய்த கேம்பர்' என்று சொல்லியிருக்கிறார். திரைச்சீலை ஓடும் அலுமினியத் தண்டவாளம், மடக்குப் பலகை, சறுக்கும் கண்ணாடி எல்லாம் இருந்ததால் அவர் நம்பியிருக்கிறார். இணையத்தில் ஜெர்மன் கேம்பர்களைப் பார்த்துப் பழகியவர். அங்கே இருப்பதைப் போல இதற்கும் ஒரு பிறப்புச் சான்று கிடைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பில் தப்பில்லை. ஃபோக்ஸ்வாகன் வேன்களின் கதை அப்படித்தான். டச்சு வணிகர் பென் பொன் 1947-ல் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிய படத்திலிருந்து வந்த வேன் அது, உற்பத்தி 1950-ல். அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் வைக்கும் மரப்பெட்டிச் சாமான்களைச் செய்து விற்றது. பிறகு முழுக் கேம்பர் அமைப்புகளே வந்தன, ஒவ்வொன்றுக்கும் எஸ்.ஓ. என்று தொடங்கும் ஓர் எண். தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் வசதி ஒவ்வொன்றுக்கும் எம். என்று தொடங்கும் குறியீடு. வண்டிக்குள் இருக்கும் சிறு தகட்டில் பெயின்ட், இருக்கைத் துணி, எஞ்சின் வகை, எந்த நாட்டுக்குப் போக வேண்டும், எந்த நாளில் செய்யத் திட்டம் என்பதெல்லாம் எண்களாகக் கொத்தப்பட்டிருக்கும். வோல்ஃப்ஸ்பர்க்கில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியக அறக்கட்டளைக்குச் சேஸிஸ் எண்ணை எழுதிப் பணம் கட்டினால், பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் அனுப்புகிறார்கள். அந்தத் தாளும் தகடும் ஒத்துப்போனால் வண்டியின் விலையே வேறு.

மெட்டடாரில் அந்த மாதிரித் தேடினால் கிடைப்பது ரிவெட் அடித்த ஒரு தகடு. உஸ்தாத் டார்ச் அடித்துக் காட்டினார். எண்களைவிட ரிவெட்டைத்தான் முதலில் பார்க்கிறார். கம்பெனி ரிவெட் என்றால் தலை திடமாக இருக்கும். பாப் ரிவெட் என்றால் நடுவில் துளை தெரியும், பிற்பாடு யாரோ கழற்றிப் போட்டது. இதில் நான்கும் திடம். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. எண்பதுகளில் பஜாஜ் டெம்போ இங்கே செய்யத் தொடங்கிய மெர்சிடீஸ் வடிவமைப்பு ஓ.எம். 616 டீசல் எஞ்சின் ஒன்றைப் பிற்பாடு யாரோ இறக்கியிருக்கிறார்கள். நல்ல வேளை, மாற்றம் ஆர்.சி.யில் ஏறி முத்திரையும் விழுந்திருக்கிறது.

"கூரை, பக்கம், கதவு இதெல்லாம் கம்பெனி பண்ணது தானே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

உஸ்தாத் சிரித்தார். "மேடம், முன்னாடி மூஞ்சி கம்பெனி. இந்தக் கோட்டுக்குப் பின்னாடி எல்லாம் எங்க ஜாதிக்காரன் பண்ணது." ஜாதி என்று அவர் சொன்னது டிங்கர்களை.

அவர் விரல் வைத்த இடத்தில், கேபினுக்குப் பின்னால், இரண்டு விதப் பற்றவைப்புகள் சந்திக்கின்றன. முன்பக்கம் சீரான இடைவெளியில் இயந்திரப் புள்ளிகள். பின்பக்கம் கையால் ஓட்டிய கேஸ் வெல்டிங், இடையிடையே தடித்தும் மெலிந்தும். இந்திய வணிக வண்டிகளில் பெரும்பகுதியின் சரித்திரம் அந்தக் கோட்டில் இருக்கிறது. தொழிற்சாலை முழு வண்டியும் விற்கும், முகமும் சேஸிஸும் மட்டுமாகவும் விற்கும். வாங்கியவர் அதைக் கரூருக்கோ நாமக்கல்லுக்கோ பஞ்சாபுக்கோ, இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்கோ ஓட்டிப்போய் பாடி கட்டுவார். ஜெர்மானியர் 'ஆப்ஷன்' என்று குறியீடு போட்டு வைத்ததை இங்கே மிஸ்திரியிடம் வாயால் சொல்லிக் கட்டிக்கொண்டோம். ஜன்னல் எத்தனை, கதவு எந்தப் பக்கம், உள்ளே ரெக்சினா பிளைவுட்டா என்பதற்கெல்லாம் இருந்த ஒரே எழுத்து பாடி கட்டியவர் கொடுத்த பில். வண்டி பதிவானதும் அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. பாடி தனியாகக் கட்டிய வண்டிக்குப் படிவம் 22-ஏ என்று ஒன்று உண்டு. அதன் முதல் பகுதியில் தயாரிப்பாளர் கையெழுத்து, இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர் கையெழுத்து. சட்டத்தின் கண்ணுக்கு டிங்கர் தெரிந்தது அங்கேதான் என்பேன். இந்த வண்டியோ 1939-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்தது. அதன் ஆர்.சி.யில் 'பாடி வகை' என்ற இடத்தில் ஆம்புலன்ஸ் என்று ஒரு சொல் மட்டும். யார் கட்டினார்கள், எந்த ஊரில் என்று ஒரு எழுத்து இல்லை. படிவங்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை என்பது வேடிக்கை. அரசாங்கத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் ஏரவாடா சிறை அச்சகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மதியம் ஏஜென்ட் வந்தார், கக்கத்தில் ஃபைலோடு. உரிமையாளருக்கு வின்டேஜ் நம்பர் வேண்டும்: 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' வரும் எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடச் செல்லுபடி. வயது சரியாகத்தான் இருக்கிறது. ஏஜென்ட் மூன்று விரலை மடக்கினார்.

"ஒண்ணு, எஞ்சின் மாறிடுச்சு. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூணும் பெரிசா மாறாம இருக்கணும்னு விதி. ரெண்டு, நாலு சக்கரத்துல எம்-1 வகைக்கு மட்டும்தான் அந்த நம்பர். ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல உக்காராத பயணி வண்டி. ஆம்புலன்ஸுனு எழுதியிருக்கிறதை அதுல சேர்ப்பாங்களான்னு இன்ஸ்பெக்டரைத்தான் கேக்கணும். மூணாவதுதான் முக்கியம். அந்த நம்பர் போட்டா கண்காட்சிக்கும் ராலிக்கும் ரிப்பேருக்கும்தான் ரோட்டுல எடுக்கலாம். மேடத்துக்கு மகாபலேஷ்வர் போகணும், கொங்கண் போகணும்."

அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளை வழக்கறிஞர்களைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறார். வெளிநாட்டு வண்டி என்றால் இன்னும் சிக்கல் என்றார். எழுபதுகளில் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக வெள்ளைக்காரர்கள் ஓட்டிவந்த வேன்கள் கார்னே என்ற சுங்கப் புத்தகத்தோடு வந்தவை. வந்த வண்டி திரும்பிப் போயாக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோரேகாவ் பார்க்கில் ரஜனீஷ் ஆசிரமம் வந்தது 1974-ல். அப்படிப்பட்ட வேன்களைப் புனே பார்த்த காலம். இறக்குமதியான வண்டிக்குச் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஜெர்மனியிலிருந்து எத்தனை சான்றிதழ் வந்தாலும் இங்கே அந்த வண்டி பழைய இரும்புதான்.

ஆகவே வின்டேஜ் வேண்டாம், தனிப்பயனுக்கான கேம்பர் வேன் என்று பாடி வகையை மாற்றலாம் என்பது ஏஜென்ட்டின் யோசனை. அப்படி ஒரு வகை அரசாணைப் பட்டியலில் இருக்கிறது. குறுக்கே நிற்பது சட்டப்பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நான் யோசித்தது இதைத்தான்: தயாரிப்பாளர் கொடுத்தது முகமும் சேஸிஸும். கோட்டுக்குப் பின்னால் இருப்பதை அவர் எப்போது குறிப்பிட்டார்? கேபினோடு முழு வண்டியும் ஒரே கூரையின் கீழ் பிறக்கும் நாட்டுக்கு ஏற்ற வாசகம் இது. சந்துச் சந்தாகப் பாடி கட்டி ஐம்பது வருடம் ஓட்டிய நாட்டில், 'ஒரிஜினல்' என்ற இடத்தில் பெயர் போட வேண்டியவர்களில் பாதிப் பேர் எந்தத் தாளிலும் இல்லை.

உஸ்தாத்துக்கு இந்த விசாரம் எல்லாம் இல்லை. அவர் கவலை தகடு. பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, "பழசு இருபது கேஜ். இப்ப இருபத்திரெண்டு போட்டா மலிவு, ஆனா மழைக்குத் தாங்காது" என்றார். துரு தின்ற கீழ் விளிம்பை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகடு இணைக்கப்போகிறார். வளைவுக்கு அச்சு இல்லை. சாக்கு மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டி, எடுத்துப் பொருத்திப் பார்த்து, மறுபடி தட்டுகிறார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உள்ளங்கையால் தடவுகிறார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மூலை முடிந்தது. பையன் ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அவன் கற்றுக்கொள்கிறானாம், பேட்டரி வண்டிகள் வந்தபின் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லையாம். எனக்கு அந்தக் கடைசிக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. கொடுக்கும் கூலிக்கு வேறெங்காவது போய்விடுகிறார்கள்.

ஏஜென்ட் ஃபைலைக் கட்டும்போது ஒரு தாள் குறைகிறது என்றார். செய்த வேலைக்கு உஸ்தாத் பில் தர வேண்டும். தொகை மட்டும் போதாது, தகட்டின் கேஜ், ஜன்னல் எண்ணிக்கை, படுக்கையின் நீளம், அடுப்பு எங்கே, தொட்டி எங்கே எல்லாம் வர வேண்டும், படம் ஒன்றும் வேண்டும். உஸ்தாத் ஆயுளில் அப்படி எழுதியதில்லை. அவர் கணக்கெல்லாம் தீப்பெட்டி அட்டையில்.

"நீங்க பத்திரிகைக்காரர்தானே, எழுதுங்க" என்று என் பக்கம் தாளைத் தள்ளினார். இங்கிலீஷில் எழுதினேன். அவர் டேப்பால் அளந்து சொல்லச் சொல்ல உரிமையாளர் படம் போட்டார். கடைசி வரியாக ஏஜென்ட் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: இந்த பாடி ஏரவாடாவில் இன்ன ஷெட்டில் கட்டப்பட்டது. தேதி, ஜி.எஸ்.டி. எண், கையெழுத்து.

உஸ்தாத் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் இரண்டு எடுக்கச் சொன்னார். ஒன்று அவருக்கு.