பளையில் நிற்கவேண்டிய வண்டி

காங்கேசன்துறையில் ஒரு புள்ளி, வவுனியாவில் ஒரு புள்ளி, நடுவே ஒரு கோடு. கோச்சிக்குப் பாதை ஒதுக்குவது இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அண்மையில் ஒரு கண்காட்சிக்கு வடக்குப் பாதையின் கணினி வடிவத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஏற்பாட்டாளர்கள் அதைச் சிறுவர் விளையாட்டுகளுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்க்க வந்த ஒரு பொறியியல் மாணவன், "இதில என்ன அண்ணை வேலை? பாதையை மென்பொருளே கண்டுபிடிக்குந்தானே" என்று கேட்டான். அதைப் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் சொல்ல நேரமில்லாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஓப்பன் ரெயில்ஸில். 2001இல் வந்த மைக்ரோசொப்ட் ட்ரெயின் சிமுலேற்றருக்காக உருவான பாதைகளையும் பெட்டிகளையும் இன்றும் உயிரோடு வைத்திருக்கும் திறந்தமூல மென்பொருள் அது. தொடக்கப் புள்ளி, வழிப் புள்ளி, காத்திருப்புப் புள்ளி, திரும்பற் புள்ளி, கடவைப் பாதை எல்லாம் இத்துறையில் கைவைத்தவர்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. எங்களுடைய ஆட்கள் கனேடிய எம்2 எஞ்சினின் வர்ணம் சரியா, யாழ்தேவிப் பெட்டியின் யன்னல் சரியா என்று இரவிரவாக வாதிடுவார்கள். அந்த எஞ்சின் கொடிகாமத்தில் எந்த லைனில் வந்து நிற்கவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குடாநாட்டுக்குள் முதற் கோச்சி ஓடியது 1902இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே. கொழும்போடு பாதை இணைந்தது 1905இல். 1956இல் யாழ்தேவி வந்தது. 1990 யூனில் போரால் எல்லாம் நின்றது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பி வந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று உண்டு: இது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதென்றால் லூப் உள்ள நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். கொக்குவிலிலும் இணுவிலிலும் சனம் ஏறி இறங்கலாம், கோச்சியைக் கோச்சி கடக்க முடியாது. இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் இதற்குள்தான் இருக்கிறது.

எனக்கு இதைப் பழக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர். கணினியை அவர் தொட்டதே இல்லை. கோண்டாவிலில் அவர் வீட்டு விறாந்தையில் நீளமான மேசை ஒன்று கிடந்தது. அதன்மேல் வரைபுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி விரித்திருப்பார். இடது ஓரத்தில் காங்கேசன்துறை மேலே, வவுனியா கீழே, இடையிலுள்ள நிலையங்கள் தூரத்துக்கேற்ற இடைவெளியில். குறுக்கே மணித்தியாலங்கள். ஒவ்வொரு கோச்சியும் ஒரு சாய்கோடு: தெற்கே போவது நீலப் பென்சிலில் கீழிறங்கும், வடக்கே வருவது சிவப்பில் மேலேறும். கடுகதியின் கோடு நிமிர்ந்து நிற்கும், குட்ஸின் கோடு சரிந்து படுக்கும், நிலையத்தில் நின்றால் கோடு கிடையாக ஓடும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ்–லியோன் ரயில்களுக்கு இப்படி வரைந்த தாளை எத்தியென் ஜூல் மாரே தன் நூலில் வெளியிட்டார். நேர அட்டவணை போடுகிறவர்கள் இன்றைக்கும் கைவிடாத முறை அது.

நீலமும் சிவப்பும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றிலும் மாஸ்ரர் விரலை வைப்பார். அந்த இடம் லூப் உள்ள நிலையத்தின் கோட்டில் விழவேண்டும். இம்மியளவு தள்ளி விழுந்தாலும் நடுக்காட்டில் இரண்டு எஞ்சினும் முகத்துக்கு முகம். "தம்பி, ஓட விடுறது பெரிய வேலையில்லை. ஆரை எங்கை நிப்பாட்டிறது எண்டதுதான் எங்கட வேலை" என்பார். தாளில் முழு நாளும் சிக்கலில்லாமல் வரும்வரை கணினியைத் திறக்கவிடமாட்டார். ஒரு வெட்டைப் பளையிலிருந்து கொடிகாமத்துக்கு நகர்த்தினால் அந்த வண்டியின் அடுத்த வெட்டு பரந்தனில் குழம்பும். அதை நேராக்கினால் இரவுத் தபால் வண்டி மாங்குளத்தில் வீணாக நிற்கும். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகும். அவருக்குச் சலிப்பே வராது. கோச்சியே இல்லாத இருபத்துநான்கு வருடங்களில் வடக்குப் பாதையை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தது அந்த மேசைதான் என்று நான் சொல்வேன்.

அவர் எனக்குத் தந்த பெரிய சோதனை கொடிகாமத்து முடிச்சு. என் வரைவில் கொடிகாமத்தில் மெயின் லைன் ஒன்று, லூப் ஒன்று. அடுத்து லூப் உள்ள இடங்கள் வடக்கே சாவகச்சேரி, தெற்கே பளை. இடையிலுள்ள சங்கத்தானை, மீசாலை, மிருசுவில், எழுதுமட்டுவாள் எல்லாம் வெறும் நிறுத்தங்கள். காங்கேசன்துறைச் சீமெந்தை ஏற்றிய குட்ஸ் தெற்கே போகிற வழியில் கொடிகாமத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பயணிகள் வண்டியும் தெற்கே வருகிறது. எதிரே பளைப் பக்கமிருந்து யாழ்தேவி. பயணிகள் வண்டியை மறு லைனில் உள்ளே எடுத்து, யாழ்தேவியும் பளையை விட்டுப் புறப்பட்டுவிட்டால் கதை முடிந்தது. கொடிகாமத்தில் இரண்டு லைனும் நிறைந்துவிட்டன, யாழ்தேவிக்கு நுழைய இடமில்லை. உள்ளே நிற்கிற இரண்டும் தெற்கேதான் போகவேண்டும், தெற்கே யாழ்தேவி மறித்துக்கொண்டு நிற்கிறது. மூன்றில் ஒன்று பின்வாங்காமல் எதுவும் அசையாது.

எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் முட்டுக்கட்டையை ஓப்பன் ரெயில்ஸ் தானே கவனிக்கும், மறுக்கவில்லை. மூன்றாவது வண்டி பின்னால் வரும்போது அதை நம்பிப் படுக்கப் போக முடியாது. பயணிகள் வண்டி சாவகச்சேரியிலேயே நிற்கட்டும், யாழ்தேவி கொடிகாமத்தைக் கடந்து அங்கே வந்து சேர்ந்த பிறகு புறப்படட்டும் என்று அட்டவணைக் கோப்பில் மனிதன்தான் எழுதவேண்டும். வண்டிக்கு ஒரு நிரல், நிலையத்துக்கு ஒரு நிரை. சாவகச்சேரி நிரையில் புறப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு காத்திருப்புக் கட்டளை. எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். எழுதவேண்டிய இடம் அதுதான் என்று தெரிவதற்கு அந்த மேசையடியில் இருந்திருக்கவேண்டும்.

அதோடும் முடியவில்லை. மாஸ்ரர் அடுத்துக் கேட்டது குட்ஸின் நீளம். லூப்பைவிட அது நீளமென்றால் வால் பொயின்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு மெயின் லைனை மறிக்கும். ஓப்பன் ரெயில்ஸில் ஒரு தெரிவை இயக்கினால் வண்டியின் நீளத்தைப் பார்த்துத்தான் லைன் கொடுக்கும், இயக்காவிட்டால் பாராது. எனவே குட்ஸுக்கு மெயின் லைன், யாழ்தேவி வேகத்தைக் குறைத்து லூப்புக்குள். யாழ்தேவிக்கு லூப் கொடுப்பது மரியாதையில்லை என்று இன்றைய பிள்ளைகள் கொதிக்கிறார்கள். மரியாதையைப் பார்த்து லைன் கொடுத்தால் இரண்டு வண்டியும் கொடிகாமத்திலேயே கிடக்கவேண்டியதுதான்.

ரப்லெற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய முறையில் இரண்டு நிலையங்களுக்கு இடையிலுள்ள துண்டுக்குள் போகிற ட்ரைவர் கையில் ஓர் உலோக வட்டு இருக்கவேண்டும். இரண்டு நிலையங்களின் பெட்டிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு வட்டு வெளியே போயிருந்தால் அது ஏதோ ஒரு பெட்டிக்குள் திரும்பும்வரை அடுத்ததை எடுக்க முடியாது. வளையம் பூட்டிய பையில் அதைப் போட்டு, ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டுவார்கள். இப்போதைய பாதையில் நிறவிளக்குச் சமிக்ஞை, நல்லது. ஆனால் எழுபதுகளின் அட்டவணையைப் போட்டுவிட்டு அதற்கு 2015இன் விளக்குகளை நட்டு, ஒரு துண்டுக்குள் ஒரே திசையில் இரண்டு வண்டியை அடுத்தடுத்து விடுகிறார்களே, அது எந்த ஊர்ப் பாதை? ரப்லெற் காலத்தில் அந்த இரண்டாவது வண்டிக்கு வட்டே கிடைத்திராது.

காங்கேசன்துறையில் எஞ்சின் கழன்று பெட்டிகளைச் சுற்றிவந்து மறுமுனையில் பூட்டுவதற்கும் தனிப் பாதை எழுதவேண்டும். இரு முனையிலும் ட்ரைவர் அறை உள்ள இன்றைய தொடர்வண்டிகளுக்கு அது தேவையில்லை. ஆகவே அதை எழுதத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

உண்மையான ரயில் நிர்வாகங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களிலும் கதை இதேதான். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஓப்பன்ட்ராக்கில் ஒரு சமிக்ஞையிலிருந்து அடுத்த சமிக்ஞைவரை ஒரு துண்டு வழி. அந்தத் துண்டுகளைக் கோத்தால் பாதை, பாதைகளைக் கோத்தால் பயணவழி. ஒரு வண்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயணவழிகளைக் கொடுத்து, எது முதலில், அது அடைபட்டால் எது அடுத்தது என்று வரிசைப்படுத்தலாம். வரிசையை இடுவது மனிதன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளே அதை மனிதனிடம் கேட்கும்போது, இலவசமாக இறக்கியதிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது என்ன துணிச்சல்?

இந்த வருடம் சில இளைஞர்கள் என் அட்டவணைக் கோப்பை எடுத்து, காத்திருப்புக் கட்டளைகளை எல்லாம் நீக்கி, வேகமாக்கிய வடிவம் என்று கைமாற்றினார்கள். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தால் வேகந்தான். முழு நாளையும் சேர்த்து ஓட்டினால் மத்தியானத்துக்கு முன் கொடிகாமம் இறுகிவிடுகிறது. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் குட்ஸை அட்டவணையிலிருந்தே தூக்கியது. 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை இருந்த காங்கேசன்துறையிலிருந்து ஒரு மூடை சீமெந்துகூட ரயிலில் போகாத வடக்குப் பாதை! அதற்குப் பாராட்டு வேறு. மாஸ்ரர் இருந்திருந்தால் தாளைச் சுருட்டி உள்ளே வைத்திருப்பார்.

நான் சுருட்டவில்லை. குட்ஸைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சாவகச்சேரிக் காத்திருப்பையும், யாழ்தேவி பிந்தி வரும் நாளுக்கென அதைப் பளையிலேயே நிறுத்திவைக்கும் மாற்று அட்டவணையையும் போட்டு, ஒவ்வொன்றும் எந்த வண்டிக்காக நிற்கிறது என்பதைக் கோப்பின் குறிப்பு நிரலில் எழுதியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கோப்பைக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. இனிமேல் ஒரு காத்திருப்பை நீக்க விரும்புகிறவர் முதலில் அதே நிரலில், பரந்தனிலிருந்து வருகிற வண்டியை எங்கே நிறுத்தப் போகிறார் என்று எழுதட்டும்.